ஜப்பானியச் சிற்றூரின் கிரில் கடையும் அதன் கழிப்பறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் சின்ன ஊர்களில் இறைச்சி சுடும் கடைகளுக்குப் பல வருடங்களாகப் போய்வருகிறேன். போகிற கடையில் கழிப்பறையையும் ஒரு கண் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கடையைப் பற்றி எதுவும் சொல்வேன். இது தெரிந்ததிலிருந்து, புதிதாக வேலைக்கு வந்த தம்பிகள், சுற்றிப் பார்க்க வந்த குடும்பங்கள், நண்பர்களின் அப்பா அம்மா என்று எல்லாரும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

ஜப்பானிய கிரில் கடைன்னா என்ன? எல்லாம் ஒண்ணுதானே?

மூன்று வகையைப் பிரித்துத் தெரிந்துகொண்டால் போதும். யாகினிகு கடையில் மேசை நடுவில் அடுப்பு இருக்கும், பச்சை இறைச்சி தட்டில் வரும், நாமே சுட்டுச் சாப்பிட வேண்டும். யாகிடோரி கடையில் குச்சியில் கோத்த கறியைக் கடைக்காரர் கரியில் சுட்டுத் தருவார். டெப்பன்யாகி என்றால் இரும்புத் தட்டில் சமைப்பது.

சின்ன ஊர்களுக்கென்று தனி ருசியே உண்டு. நாகானோ மாநிலத்து ஈடா யாகினிகு கடைகளுக்குப் பெயர்போன ஊர். எஹிமேயின் இமாபாரியில் யாகிடோரி கேட்டால் குச்சி வராது, கோழித்தோலை இரும்புத் தட்டில் வைத்து மேலே கனத்தால் அழுத்திச் சுடுவார்கள். ஹொக்கைடோவின் முரோரானில் யாகிடோரி என்ற பெயரில் வருவது பன்றிக்கறியும் வெங்காயமும், தொட்டுக்கொள்ளக் கடுகு விழுது. சைட்டாமாவின் ஹிகாஷிமட்சுயாமாவில் பன்றியின் தலைப்பக்கக் கறி, மேலே காரமான மீசோ, அதாவது புளிக்கவைத்த சோயா விழுது. பன்றி சாப்பிடாதவர்கள் பெயரை நம்பாமல் கேட்டுவிட்டு உட்காருவது நல்லது.

சாப்பிடப் போற இடத்துல கழிப்பறையை ஏன் பார்க்கணும்?

கறி சுடும் கடையில் அழுக்கு ஓயாமல் உருவாகிக்கொண்டே இருக்கும். கொழுப்பு சொட்டி நெருப்பில் விழுந்து புகையாகிறது. அந்தப் புகையோடு கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகள் கிளம்பி, சுவர், விளக்கு, கதவுப் பிடி என்று எல்லாவற்றிலும் படிகின்றன. தினமும் துடைக்காத கடையில் ஒரே மாதத்தில் பிசுக்கு தெரிந்துவிடும். சமையலறைக்குள் நம்மை விட மாட்டார்கள். கடைக்காரர் துடைக்கிற பழக்கம் உள்ளவரா இல்லையா என்று வாடிக்கையாளர் தனியாக நின்று பார்க்கக்கூடிய ஒரே இடம் கழிப்பறைதான்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் பார்ப்பது கழிப்பறை புதிதா, விலை உயர்ந்ததா என்பதை அல்ல. இன்று மாலை கடை திறந்ததற்குப் பிறகு யாராவது ஒருவர் கையில் துணியோடு உள்ளே வந்துபோனாரா என்பதைத்தான்.

கழிப்பறை எங்கேன்னு எப்படிக் கேட்கிறது? எந்தக் கதவுன்னும் தெரியலையே?

"டொய்ரே வா டொகோ டெஸ் கா" என்றால் புரியும். கொஞ்சம் மரியாதையாகக் கேட்க "ஒடெஅராய்" என்ற சொல் இருக்கிறது, கை கழுவும் இடம் என்று பொருள்.

கதவில் படம் இல்லாமல் எழுத்து மட்டும் இருந்தால், மேலே நாலு கட்டம் போட்ட சதுரம் உள்ள எழுத்து ஆண்களுக்கு. காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்தவர் போல இருப்பது பெண்களுக்கு. ஆனால் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் கடையில் பெரும்பாலும் இருபாலருக்கும் சேர்த்து ஒரே அறைதான். தாழ்ப்பாளுக்கு மேல் சிவப்பு தெரிந்தால் உள்ளே ஆள் இருக்கிறார். சந்தேகமாக இருந்தால் இரண்டு தட்டு தட்டுங்கள், உள்ளிருப்பவர் திருப்பித் தட்டுவார். நீங்கள் உள்ளே இருக்கும்போது யாராவது தட்டினாலும் அதே போலத் தட்டினால் போதும்.

சாப்பிடாம கழிப்பறைக்கு மட்டும் போயிட்டு வரலாமா?

வேண்டாம். ஒரே அறை உள்ள சின்னக் கடையில் அது உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கானது. நெடுஞ்சாலையில் வருகிறவர்களுக்கு மிச்சி நோ எகி எனப்படும் சாலையோர நிலையங்கள் இருக்கின்றன. 1993 முதல் நடக்கிற ஏற்பாடு இது. 24 மணி நேரமும் இலவசக் கழிப்பறை இருப்பது அவற்றுக்கான நிபந்தனைகளில் ஒன்று.

செருப்பு மாத்தணுமாமே, எங்கே, எப்போ?

தரையில் பாய் விரித்த கடை என்றால் ஷூவை வாசலிலேயே கழற்றிவிடுவோம். அப்போது கழிப்பறைக் கதவுக்குள் தனியாக ஒரு ஜோடி செருப்பு இருக்கும். கால் நுழைக்கும் பக்கம் நம்மைப் பார்த்தபடி, இரண்டும் ஒட்டி வைத்திருந்தால், முன்னால் போனவரோ கடைக்காரரோ அக்கறையாகத் திருப்பி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். நீங்களும் வெளியே வரும்போது அப்படியே திருப்பி வைத்துவிட்டு வாருங்கள். அந்தச் செருப்போடு சாப்பாட்டுப் பக்கம் வந்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் முக்கியம். ஷூவோடு உட்காரும் கடைகளில் இந்தக் கேள்வியே எழாது.

தண்ணி இருக்குமா, இல்ல டிஷ்யூ மட்டும்தானா?

நம்மவர்களின் முதல் கவலை இதுதான், பெரியவர்களோடு வந்தால் இன்னும் அதிகம். கவலைப்பட வேண்டாம். டோட்டோ நிறுவனம் 1980இல் வாஷ்லெட்டைக் கொண்டுவந்தது. வெந்நீர் பீய்ச்சிக் கழுவும் இருக்கை அது. இன்று இந்த மாதிரி இருக்கை ஜப்பானில் சுமார் 80 சதவீத வீடுகளில் இருக்கிறது. சின்ன ஊர்க் கடைகளிலும் பரவலாக இருக்கிறது, ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. பையில் ஒரு காலி தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கைத்தொட்டிக் குழாயில் பிடித்துக்கொள்ளலாம்.

பொத்தான்களில் முதலில் தேட வேண்டியது நிறுத்தும் பொத்தான். சதுரம் வரைந்திருக்கும், பல பலகைகளில் ஆரஞ்சு நிறம். அதைக் கண்டுபிடித்த பிறகு மற்றதைத் தொடுங்கள். வளைந்த கோட்டுக்குக் கீழே நீர் பீய்ச்சும் படம் பின்பக்கம் கழுவ, பெண் உருவம் உள்ளது முன்பக்கம் கழுவ. ஆளுக்கொரு படம் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்த ஜப்பானிய நிறுவனங்கள் 2017இல் முக்கியமான எட்டுச் செயல்களுக்குப் பொதுப் படங்களை ஒப்புக்கொண்டன. அதற்கு முன்பு வாங்கிய பலகை என்றால் எழுத்து மட்டும் இருக்கலாம்.

ஃப்ளஷ் எது? மேலே ஒரு எழுத்து, கீழே ஒரு எழுத்து இருக்கே?

கையையும் காலையும் விரித்து நிற்கிற மனிதன் போன்ற எழுத்து "பெரிது", அதிகத் தண்ணீர். நடுவில் ஒரு கொக்கி, இரு பக்கமும் ஒவ்வொரு புள்ளி இருந்தால் "சிறிது". சுவரில் கயிறு தொங்கினாலோ, தனியாகச் சிவப்பாக ஒரு பொத்தான் இருந்தாலோ இழுக்காதீர்கள், அழுத்தாதீர்கள். அது உதவிக்கு ஆள் கூப்பிடுவது.

இசைக்குறி போட்ட பொத்தான் தண்ணீர் ஓடுகிற ஓசையை மட்டும் எழுப்பும். வெளியே சத்தம் கேட்குமே என்று கூச்சப்பட்டுப் பெண்கள் சும்மாவே தண்ணீரைத் திறந்துவிட்டதால் வீணானதைத் தடுக்க 1988இல் ஒடோஹிமே என்ற பெயரில் வந்தது. சுவர் மெல்லிய சின்னக் கடையில் இதை வைத்திருந்தால் அது வருகிறவரை நினைத்துச் செய்த காரியம். நான் அதைப் பெரிதாக மதிக்கிறேன்.

இந்தியன் டாய்லெட் மாதிரி பழசா இருந்தது. அப்படின்னா அசுத்தமான கடைதானே?

இல்லவே இல்லை. வாஷிகி என்பார்கள், ஜப்பானின் பழைய முறை அது. ஒரு பக்கம் கவிழ்த்த கிண்ணம் போல மேடாக இருக்கும், அதைப் பார்த்தபடி உட்கார வேண்டும்.

நான் பார்த்ததிலேயே சுத்தமான கழிப்பறைகளில் ஒன்று வாஷிகிதான். கணவனும் மனைவியுமாக நடத்தும் யாகிடோரி கடை. தரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்ன நீல ஓடுகள், பல உடைந்திருந்தன. ஆனால் ஓடுகளுக்கு இடையே இருந்த சாந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. பிரஷ் வைத்து உட்கார்ந்து தேய்த்தால் தவிர அப்படி இருக்காது. பழமைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். மூட்டுவலி உள்ளவர்களுக்கு மட்டும் இது கஷ்டம், அவர்களோடு போகும்போது முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அப்படி என்னதான் பார்த்து மதிப்பிடுறீங்க?

கதவைத் திறந்ததும் மூக்கு. கறி, கரி வாடை வந்தால் பரவாயில்லை, அது கடையின் வாடை. மூத்திர வாடை வந்தால் எங்கேயோ உப்புக்கறை படிந்திருக்கிறது. கழிகலத்தின் விளிம்புக்கு அடியிலும், கலம் தரையைத் தொடுகிற இடத்திலும் அது மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும். சாதாரண சோப்புக்குப் போகாது, அமிலத் திரவம் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குக்கோ அதற்கு எதிரான காரத் திரவம். கறிக்கடைக் கழிப்பறைக்கு இரண்டும் தேவைப்படுகிறது. அங்கே விற்கும் குளோரின் பாட்டில்களில் "மஸெரு நா கிகென்", அதாவது கலக்காதே ஆபத்து என்று பெரிதாக எழுதியிருக்கும், ஏனென்றால் அமிலத்தோடு சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவர் விவரம் தெரிந்தவர்.

அடுத்து தரை. ஷூவின் அடியை லேசாகத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் சாப்பாட்டுக் கூடத்துக் கொழுப்பு இங்கே வரை நடந்து வந்திருக்கிறது. அப்புறம் தலையைத் தூக்கி எக்ஸாஸ்ட் ஃபேனின் மூடியைப் பார்ப்பேன். பிசுக்கில் தூசி சேர்ந்து கம்பளி மாதிரி தொங்கினால், யாரும் மேலே பார்த்து மாதங்கள் ஆகியிருக்கும்.

கடைசியாகக் குழாயின் அடிப்பகுதி. குழாயும் தொட்டியும் சேருகிற அந்த வளையத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும், சோப்புக் கசடு கறுக்கும். அவசரத்தில் துடைக்கிறவர்கள் விடுகிற இடம் அது. அந்த வளையம் மின்னினால் நான் நிம்மதியாகப் போய் உட்கார்ந்துவிடுவேன். பூ வைத்திருக்கிறார்களா, விலை உயர்ந்த சோப்பா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். நறுமண டப்பா மூக்கைத் துளைத்தால் மட்டும் ஒரு நிமிடம் கூடுதலாகப் பார்ப்பேன்.

கடை வாசல் கதவை இழுக்கவே முடியல, யாரோ உள்ளே இருந்து பிடிச்ச மாதிரி இருந்தது. ஏன்?

பூட்டில் கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் காற்று. அடுப்புகளுக்கு மேல் உள்ள குழாய்கள் புகையோடு சேர்த்து அறைக் காற்றையும் உறிஞ்சி வெளியே தள்ளுகின்றன. அதே அளவு காற்று வெளியிலிருந்து உள்ளே வர வழி வைக்காவிட்டால், கடைக்குள் அழுத்தம் குறைந்துவிடும். வாசல் கதவு கனக்கும், இடுக்குகளில் காற்று விசில் அடிக்கும்.

கழிப்பறைக்கு இது நேரடியான பிரச்சினை. அங்குள்ள சின்ன ஃபேனைவிட அடுப்புக் குழாய்களின் இழுவை பெரியது. ஃபேன் ஓடினாலும் கழிப்பறைக் காற்று வெளியே போகாமல் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரும். சோதிப்பது சுலபம். கதவைச் சாத்தி, ஒரு துண்டு டிஷ்யூவைக் கீழ் இடுக்கில் பிடியுங்கள். டிஷ்யூ கழிப்பறைக்குள் வளைந்தால் சரி. கூடத்தின் பக்கம் பறந்தால் காற்றோட்டம் தலைகீழாக இருக்கிறது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் இந்தக் கடையில் வாடை வரத்தான் செய்யும். அதற்குக் கழுவுகிறவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

சுத்தமா இருக்கு, ஆனா சாக்கடை நாத்தம் வருது. எப்படி?

தரையில் உள்ள வடிகாலைப் பாருங்கள். அதன் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று வாயுவைத் தடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்து மட்டும் வந்தால் அது காய்ந்துவிடும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் நாற்றம் நிற்கும். முந்தைய பதிலில் சொன்ன அழுத்தக் குறைவு இருக்கிற கடையில் இந்த நாற்றம் இன்னும் வேகமாக இழுக்கப்படும்.

கழிப்பறைக்குள் இல்லாமல் கடைக்குப் பின்புறம் நாறினால் அது வேறு விஷயம். பாதாளச் சாக்கடை வராத ஊர்களில் பல கட்டடங்களுக்கு ஜோகாசோ என்ற சுத்திகரிப்புத் தொட்டி மண்ணுக்குள் இருக்கும். கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இடைவிடாமல் முனகிக்கொண்டிருந்தால், அது உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று ஊதுகிறது.

டிஷ்யூவைக் குப்பைத் தொட்டியில போடறதா, உள்ளேயா?

உள்ளே. அங்கே வைத்திருக்கும் தாள் தண்ணீரில் கரைவது. மூலையில் இருக்கும் மூடி போட்ட சின்னத் தொட்டி மாதவிடாய்ப் பொருட்களுக்கு. ஈரத் துடைப்பான், குழந்தை டயப்பர், முகம் துடைக்கும் தாள் எதையும் கழிகலத்தில் போடாதீர்கள்.

தொட்டி மேல ஒரு குழாய்ல தானா தண்ணி வருது. அதுல கை கழுவலாமா?

கழுவலாம். ஃப்ளஷ் செய்ததும் தொட்டி நிரம்ப வருகிற புதுத் தண்ணீர் அது. குழாய்த் தண்ணீர்தான், நம் கையைக் கழுவிவிட்டு அப்புறம் தொட்டிக்குள் இறங்குகிறது. இடம் குறைந்த கடைகளுக்கு அருமையான ஏற்பாடு. பக்கத்தில் சோப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கை துடைக்க ஒண்ணுமே வைக்கல. மதிப்பெண் குறைக்கலாமா?

குறைக்காதீர்கள். ஜப்பானில் கைக்குட்டை கொண்டுபோவது சின்ன வயதிலிருந்தே வருகிற பழக்கம், கடைக்காரர் அதை எதிர்பார்க்கிறார். காற்று ஊதும் கருவி இருந்த இடங்களிலும் 2020இல் கொரோனா வந்தபோது பல இடங்களில் நிறுத்தினார்கள். மேசையில் தருகிற ஓஷிபோரி, அதாவது ஈரத் துண்டு, சாப்பிடும் முன் கை துடைக்கத்தான். கழிப்பறையில் கழுவுவதற்கு அது மாற்று இல்லை.

சோப்பு இல்லேன்னா?

இங்கே நான் விட்டுக்கொடுப்பதில்லை. யாகினிகு கடையில் ஒரே இடுக்கியை மேசையில் நாலு பேர் மாற்றி மாற்றிப் பிடிக்கிறோம், பச்சைக் கறி பக்கத்திலேயே இருக்கிறது. கழிப்பறையிலிருந்து வந்த கை நேராக அந்த இடுக்கிக்குப் போகிறது. ஜப்பானில் குளிர்காலத்தில் பரவும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸுக்கு ஆல்கஹால் திரவம் அவ்வளவாக வேலை செய்யாது. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவினால்தான் போகும்.

தீர்ந்துபோயிருக்கலாம், அது சகஜம். சொல்லிப் பாருங்கள். உடனே ஓடிப்போய் நிரப்பினால் நல்ல கடை. இன்னொன்று, பச்சைக் கறிக்குத் தனி இடுக்கி தரும் கடையில் சோப்பு இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. பச்சையாகச் சாப்பிட மாட்டு ஈரலை விற்பது 2012 ஜூலையிலும், பன்றிக் கறி, ஈரலை விற்பது 2015 ஜூனிலும் தடை செய்யப்பட்டது. அதற்கென்று தட்டில் எச்சரிக்கைச் சீட்டு வைக்கிற கடைகள் உண்டு. அவர்கள் கழிப்பறையிலும் கவனமாக இருக்கிறார்கள்.

ஹொக்கைடோவுல குளிர்காலத்துல போனா உறைஞ்சு போயிடாதா?

கடை திறந்திருக்கும்போது ஆகாது. கிட்டாமி ஊரில் பிப்ரவரி மாதம் திறந்த வெளியில், உறைநிலைக்கு வெகு கீழே, ஆயிரக்கணக்கானோர் நின்று யாகினிகு சுட்டுச் சாப்பிடும் திருவிழாவே நடக்கிறது. அந்த ஊர்க் கடைகள் இரவில் மூடும்போது குழாய்களிலிருந்து தண்ணீரை இறக்கிவிடுவார்கள். கழிப்பறைச் சுவரோரம் ஒரு சின்ன ஹீட்டர் விடாமல் எரியும், அதன் மேல் துணி, பை எதையும் வைக்காதீர்கள்.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி. சின்னக் கடைக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

உண்மையைச் சொன்னால், பழைய சின்னக் கடைகளின் கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி நுழையாது. கதவு குறுகல், வாசலில் ஒரு படியாவது இருக்கும். மேலே சொன்ன மிச்சி நோ எகியில் அகலமான, கைப்பிடி வைத்த பொதுக் கழிப்பறை இருக்கும். அங்கே போய்விட்டுக் கடைக்கு வந்தால் அம்மா பதற்றமில்லாமல் சாப்பிடுவார். அடுப்புக்குப் பக்கத்து இருக்கை வேண்டாம், ஓரத்து மேசை கேளுங்கள், நகர்த்திக் கொடுப்பார்கள்.

குழந்தைகளோடு போகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். 2020 ஏப்ரலில் உணவகத்துக்குள் புகைபிடிக்கத் தடை வந்தபோது, ஏற்கனவே இருந்த சின்னக் கடைகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். புகைபிடிக்கலாம் என்ற அட்டை வாசலில் இருந்தால் 20 வயதுக்குக் குறைந்தவர்கள் உள்ளே போகக் கூடாது.

ஒரு தடவை போனதை வெச்சே நல்லது கெட்டது சொல்லலாமா?

நான் சொல்ல மாட்டேன். மாலை ஐந்து மணிக்குக் கடை திறந்தவுடன் எல்லாக் கழிப்பறையும் சுத்தமாகத்தான் இருக்கும். எட்டு மணிக்கு, கூட்டம் நிறைந்து பீர் இரண்டு சுற்று போன பிறகு பாருங்கள். தரையில் ஈரம் இருப்பது பிழையல்ல. அரைமணி கழித்தும் அதே ஈரம் அதே இடத்தில் இருந்தால் யாரும் வரவில்லை. ஒருவரே சுட்டு, பரிமாறி, காசு வாங்கும் கடைக்கு நான் கொஞ்சம் சலுகை கொடுப்பேன். ஐந்து பேர் வேலை செய்யும் கடைக்குக் கொடுக்க மாட்டேன்.

கழிப்பறை மோசம், சாப்பாடு அபாரம். அப்போ?

எனக்கே நடந்தது. கறி அவ்வளவு நன்றாக இருந்தது, இன்னும் நாக்கில் இருக்கிறது. கழிப்பறையில் சோப்பு இல்லை, தரை வழுக்கியது, இரண்டாம் முறை போனபோதும் அப்படியே. மூன்றாம் முறை போகவில்லை, யாரையும் அனுப்பவும் இல்லை. சுடுகிற கை கெட்டிக்காரக் கைதான், ஆனால் அந்தக் கையும் அதே குழாயில்தானே கழுவுகிறது என்ற நினைப்பு சாப்பிட விடவில்லை.

குறையைக் கடைக்காரர்கிட்ட சொல்லலாமா? தப்பா நினைப்பாங்களா?

சொல்லலாம், மற்றவர் காதில் விழாமல். "சுமிமாசென்" என்று தொடங்கி, சோப்புக்கு "செக்கென் கா அரிமாசென்", தாளுக்கு "கமி கா அரிமாசென்", அதாவது இல்லை என்று சொன்னால் போதும். நன்றாக இருந்ததையும் சொல்லுங்கள். கிளம்பும்போது எல்லாரும் "கொச்சிசோசமா டெஷிதா" என்று சாப்பாட்டுக்கு நன்றி சொல்வார்கள். அதோடு "டொய்ரே மோ கிரேய் டெஷிதா", கழிப்பறையும் சுத்தமாக இருந்தது என்று சேர்த்துக்கொள்ளலாம்.

நீல ஓட்டுக் கழிப்பறை என்று மேலே எழுதினேனே, அந்தக் கடையில் நான் இதைச் சொன்னபோது, சுட்டுக்கொண்டிருந்த கணவர் நிமிரவில்லை. விசிறியால் மனைவி இருந்த பக்கம் காட்டினார். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசல் வரை வந்து, நாங்கள் தெரு முனை திரும்பும் வரை நின்றார்.